வேல்ஸ்காரியின் சிரிப்புப் படம்

அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பலெர்மோவில் நான் வேலைக்கு நின்ற வீட்டுச் சிஞ்ஞோரா கிழமைக்கு ஒருக்காலாவது அதைப் போடுவார். சிஞ்ஞோரா இத்தாலிக்காரி இல்லை. வேல்சில் ஒரு சுரங்க ஊரில் பிறந்து, கப்பல் முகவராக இருந்த பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். நான் போனபோது புருசன் செத்துப் பல காலம். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் மூன்றாம் மாடியில், ஒருவரும் படுக்காத அறைகளோடு தனியே இருந்தார். மகன் துறைமுகத்தடியில் தகப்பனுடைய அலுவலகத்தை நடத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குசினியில் உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டு நிற்க, முன்னறையில் அவர் அழுவது மாதிரிக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கதிரையில் சரிந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் மழையில் நனைந்த ஒரு கூட்டம் ஆண்கள் பஸ்சுக்குள் ஏறமுடியாமல் நெரிபட்டார்கள்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுந்தானே, வந்து இரு" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்த இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் இருந்தது. வேலையை இத்தாலியனில் பேசினோம், அந்தப் படத்தை மட்டும் இங்கிலீஷில். மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர்கள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லையாம்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஊரிலிருந்து ஆண்கள் கொஞ்சப்பேர் வேறொரு நாட்டுத் தலைநகருக்கு றக்பி மட்ச் பார்க்கப் போகிறார்கள். கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர், இறைச்சிக்கடைக்காரர், கலியாணம் பேசி முடித்த ஒரு இளந்தாரி, வேறும் ஆட்கள். குடிக்கிறார்கள், தெருத் தவறுகிறார்கள், ஒருவருக்கு ஒரு சப்பாத்துத் தொலைகிறது. ஒருவன் வெங்காயத்தாள் போல் நீண்ட ஒரு முழு லீக்சைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு திரிகிறான். அது அவர்களுடைய நாட்டின் அடையாளமாம். கடைசியில் லீக்சும் கையுமாக அவனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு மட்சுக்கு ஓடுகிறார்கள். மட்ச் முடிந்து, அவனையும் எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஊர் திரும்பித் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார்கள்.

முதல் தரம் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. அந்த ஆட்கள் எங்கள் ஆட்களைப் போலவே கதைத்தார்கள். ஒருவர் சொல்லி முடிக்கமுன் மற்றவர் வெட்டிக்கொண்டு கதைப்பார். ஆளையாள் இரக்கமில்லாமல் நக்கலடித்தார்கள். பெண்சாதிமார் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஊர் எல்லை தாண்டுமுன்னரே தின்று முடித்தார்கள். அதிகாரி யாராவது வந்தால் தங்கள் பாசைக்கு மாறி அவனுக்கு விளங்காமல் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு பெரிய சனம் இருக்க, தாங்கள் சின்னச் சனமாக இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கும் தெரிந்த விசயம்.

சிஞ்ஞோரா அதைத் திரும்பத் திரும்பப் போட்டதற்குச் சிரிப்பு மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆட்கள் குடிக்கிற தவறணைக் காட்சி ஒன்று வரும். அதில் அவர் வீடியோ டெக்கை நிறுத்துவார். நின்று ஆடுகிற படத்தில், பின்னால் சுவரோடு நிற்கிற கூட்டத்துக்குள், கையில் கிளாசோடு ஒரு மெலிந்த மனிதர். "என் தம்பி" என்றார். அவர்களுடைய ஊரில்தான் அந்தக் காட்சியை எடுத்தார்களாம், ஊர்ச் சனத்தையே நிற்க விட்டார்களாம். பிறகு சுரங்கத்தைப் பூட்டினார்கள். தம்பி நெஞ்சு வருத்தத்தில் செத்தபோது இவர் புருசனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு இருந்ததால் போக முடியவில்லை.

"சிரிக்கிறான் பார்" என்பார். ஒவ்வொரு தரமும் அதையே சொல்வார். பிறகு டெக்கை ஓடவிட்டு, பழையபடி சிரிக்கத் தொடங்குவார்.

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். நானும் புருசனும் மகளும் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். தம்பி எங்களோடு இருந்தான். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பெடியங்களின் உதைபந்தாட்டக் குழுவுக்குக் கோல் காப்பான். என்னுடைய புருசன் அதில் பின்னால் நின்று விளையாடுகிறவர். குழுத் தலைவர் பழைய நகரத்துக் கால்சாவில் ஒரு மாளிகையைக் காவல் காக்கிறவர். எந்த விசயத்துக்கும் முன்னுக்கு நின்று கதைக்கிற ஆள்.

ஒரு வியாழன் பின்னேரம், வீட்டு வேலைக்காரர் எல்லோருக்கும் ஓய்வான நேரத்தில், சிஞ்ஞோராவிடம் கேட்டு அந்தக் கசெற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழுவிலே பாதிப்பேர் எங்கள் அறைக்குள் இருந்தார்கள். நான் கதவடியில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் என்னுடைய மொழிபெயர்ப்பு ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையில் தட்டுமட்டும் சிரித்தார்கள். புருசன் அடுத்த கிழமையே இரண்டு டெக் வைத்திருந்த சிநேகிதனிடம் கொடுத்து ஒரு கொப்பி அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பாத்திரம். தலைவர் பாட்டுக்குழுக்காரர். என் புருசன் இறைச்சிக்கடைக்காரர். லீக்ஸ்காரன் என்று தம்பிக்குப் பெயர் வைத்தார்கள். அவனுடைய உயரமும் வளைந்த நடையும் அந்த ஆளுக்குப் பொருந்தியது. அவனும் அப்படியே நடந்து காட்டுவான்.

பாரிசில் இருந்த எங்கள் தீவுச் சங்கம் உதைபந்தாட்டப் போட்டிக்கு அழைப்பு அனுப்பியது தொண்ணூறுகளின் கடைசியில். ஐரோப்பாவுக்குள் எல்லைகளைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. "படத்திலை போறமாதிரிப் போவம்" என்று முதல் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு கிழமைக்குள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

தம்பியின் பெர்மேசோ, இத்தாலியில் இருக்கத் தருகிற அனுமதிப் பத்திரம், முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. கையில் இருந்தது பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கொடுத்த துண்டு மட்டுந்தான். அந்தத் துண்டோடு நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அது எங்களில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அதைச் சொன்னேன்.

"அக்கா, இப்ப எல்லையிலை ஒருத்தரும் பாக்கமாட்டினம். பலகை மட்டுந்தான் நிக்குது, ஆளில்லை" என்றார்.

"பாத்தா?"

"பாத்தா நான் கதைக்கிறன்."

"நீங்கள் என்ன பாசையிலை கதைப்பியள்?"

அவர் சிரித்தார். புருசனைப் பார்த்தேன். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"அவன் வராட்டி ஆர் கோலுக்கை நிக்கிறது?" என்றார் நிமிராமல்.

தம்பியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கும் பயந்தான் அக்கா. ஆனா எல்லாரும் போகேக்கை நான் இஞ்சை கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறதோ?" என்றான். அவன் பலெர்மோவுக்கு வந்த நாள் தொட்டு வீடு, சாப்பாட்டுக் கடை, மைதானம், கோயில் தவிர வேறெதையும் கண்டதில்லை. மறித்துச் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான்.

ஜெனோவாவுக்குப் போகிற கப்பலில், வாடகைக்கு எடுத்த ஒரு வானையும் ஏற்றிப் போனார்கள். துறைமுகத்தில் பெண்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு நின்றோம். தம்பி காலையிலேயே சந்தையில் ஒரு பெரிய லீக்ஸ் வாங்கியிருந்தான். அதைத் தோளில் சாத்திக்கொண்டு வளைந்து நடந்து கப்பலுக்குள் போனான். கப்பல்காரரும் சிரித்தார்கள்.

எல்லையில் நடந்ததை எனக்குப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். பிரெஞ்சுப் பக்கத்துப் பொலிஸ் வானை ஓரங்கட்டி எல்லோருடைய பத்திரங்களையும் கேட்டது. தம்பியின் துண்டை வாங்கி இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனை இறங்கச் சொன்னார்கள். தலைவர் ஏதோ இத்தாலியனில் சொன்னார், அவர்கள் காதிலேயே விழுத்தவில்லை. இறங்கும்போது தம்பி லீக்சையும் எடுத்துக்கொண்டான். இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் அந்தப் படத்துக்காரனைப் போலவே வளைந்து நடந்தான். வானுக்குள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்களாம். பொலிஸ்காரர் போகச் சொல்லிக் கை காட்டினார்களாம். மட்சுக்கு நேரமாகிவிடும் என்று போய்விட்டார்கள்.

ஞாயிறு காலமை தம்பி இத்தாலிப் பக்கத்திலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தான். பிரெஞ்சுக்காரர் தன்னை இத்தாலியன் பொலிசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றான். சாப்பிட்டியா என்று கேட்டேன். "ஓம்" என்றான். அவன் பொய் சொல்லும்போது அந்த ஓம் கட்டையாக வரும்.

குழு திரும்பி வந்தது. மூன்றாமிடத்துக்கான ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுவந்தார்கள். கோலுக்குள் என் புருசனே நின்றாராம். அவர் உள்ளே வந்து பையை வைத்ததும் கேட்டேன்.

"அவனை விட்டிட்டு எப்பிடிப் போக மனம் வந்தது?"

"இத்தாலிப் பக்கம் விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சம். அவன்தானே போங்கோ போங்கோ எண்டு கை காட்டினவன்."

"நீங்களும் சிரிச்சனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். "எல்லாரும் சிரிச்சது. அவனும் சிரிச்சவன். என்ன நடக்கப்போகுது எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆனால் வானுக்குள் இருந்த எல்லோரிடமும் நல்ல பெர்மேசோ இருந்தது. என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்க அவர்களுக்கு வசதி இருந்தது.

தம்பி ரயிலில் வந்து சேர்ந்தபோது அவனிடம் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவு இருந்தது. எல்லையில் பொலிஸ் பலெர்மோவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டபோதுதான் அது வெளிவந்தது. அவனுடைய புதுப்பிப்பு மறுக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டுக் கடை முதலாளி, இப்படியொரு ஆள் தன்னிடம் வேலை செய்யவே இல்லை என்று குவெஸ்தூராவுக்குச் சொல்லிவிட்டான். அவனுக்காகக் கட்டவேண்டிய காப்புறுதிப் பணத்தைக் கட்டாமல் விட்டவனுக்கு வேறு என்ன சொல்ல முடியும்? தம்பி பாரிசுக்குப் போகாமல் இருந்திருந்தால் கொஞ்சம் பிந்தித் தெரிந்திருக்கும். அந்தப் பிந்துகிற காலத்தில் வேறொரு வீட்டில் வேலை தேடிக் காட்டி, அலுவலைச் சரிப்படுத்தியும் இருக்கலாம். எங்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் தப்பினார்கள்.

மறுப்புக்கு எதிராக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரு வீட்டுக்காரர் இவனை நான் வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும் என்று கோயிலில் எங்களுக்கு உதவி செய்கிற சட்டத்தரணி சொன்னார். நான் சிஞ்ஞோராவிடம் போனேன். வேலை முடிந்து, உடுப்பு மாற்றிக்கொண்டு, முன்னறைக்குப் போய்க் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். லீக்சையும் சொன்னேன். அந்த இடத்தில் அவருடைய வாய் ஒருக்கால் சிரிப்புக்குப் போய்த் திரும்பி வந்ததைக் கண்டேன்.

"கடவுளே" என்றார். "அந்தப் பிள்ளை."

"உங்கட ஒரு கையெழுத்துப் போதும் சிஞ்ஞோரா. அவன் இஞ்சை வந்து உண்மையா வேலை செய்வான். படியெல்லாம் கழுவுவான்."

"மகனைக் கேட்கவேணும்."

மகன் அந்த ஞாயிறு சாப்பிட வந்தான். நான் குசினியில் நின்றேன். அவன் மெதுவாகத்தான் பேசினான். கெட்டவன் இல்லை, ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. அம்மா, இது பிரச்சினையில் கொண்டுபோய் விடும், உன் வயதில் உனக்கு இது எதற்கு என்றான். மறுநாள் நான் போனபோது சிஞ்ஞோரா கதவடியிலேயே நின்றார்.

"என்னால் முடியாது. உனக்கு விளங்கும்" என்றார். பிறகு அந்தக் கசெற்றை என் கையில் வைத்தார். "இதை நீயே வைத்துக்கொள். உனக்கும் பிடிக்கும்தானே."

வாங்கினேன். என்ன செய்வது? அவர் எனக்குத் தந்தது அவருடைய வீட்டில் இருந்த ஆகப் பெறுமதியான சாமான். தம்பியின் முகம் அதில் இருந்தது. அவருடைய தம்பியின் முகம்.

இரண்டு கிழமை கழித்து, மெல்ல, என் முகத்தைப் பார்க்காமல், "ஒருக்கால் பார்க்கலாம் என்று நினைத்தேன். கொண்டுவருவாயா?" என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் படம் பார்க்கக் கூப்பிட்டால், அயன் பண்ண இருக்கிறது என்று சொல்லிக் குசினியில் நிற்பேன். அங்கே நின்றும் எந்த இடத்தில் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

தம்பி வீட்டுக்குள்ளேயே இருந்தான். பகலில் சமைத்தான், யன்னல் துடைத்தான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். குழுப் பெடியங்கள் முதலில் வந்து பார்த்தார்கள். பிறகு அவன் முகத்தைப் பார்க்க ஏலாமல் வராமல் விட்டார்கள். என் புருசன் மட்டும் எங்கே போவார்? ஒரே மேசையில் இருவரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள். நான் நடுவில் இருந்து இருவருக்கும் கறி போட்டேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். புருசன் வேலைக்குப் போய்விட்டார். தம்பிதான் மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனான். சந்தையடியில் பத்திரம் பார்த்துக்கொண்டு நின்ற பொலிசிடம் அகப்பட்டான். மகளை, அங்கே மீன் விற்கிற ஒருவன் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவள் புத்தகப்பையைக் கழற்றாமல் கட்டிலடியில் வந்து நின்றாள்.

"அம்மா, மாமாவை போலிட்சியா காரிலை ஏத்திட்டினம்."

"மாமா என்ன சொன்னவர்?"

"நியெந்தே. ஒண்டும் சொல்லேல்லை. என்ரை தலையிலை தொட்டவர்."

தன் உடுப்புப் பையைக் கூட எடுக்கவிடாமல் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் விசாரணைக்கென்று பிடித்து உள்ளே போட்டார்கள். தீவிலே பிறந்தவன், இயக்கமா என்று கேட்டார்களாம். மன்னாரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாதர் நடையாக நடந்து, அவனுக்காகப் பொறுப்பெடுத்து, கடைசியில் வெளியே கொண்டுவந்தார். அந்த மாதங்கள் முழுக்க நானும் மற்றப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறினோம். வானில் போனவர்களின் பெண்சாதிமாரும் வந்தார்கள். எங்களோடு சேர்ந்து செபமாலை சொன்னார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருந்தது. ஒன்றும் செய்யவில்லை, செபமாலைதான் சொன்னேன்.

அந்த வருச நத்தார்ப் பண்டிகைக்குக் குழுவின் ஒன்றுகூடல் கோயில் மண்டபத்தில் நடந்தது. தம்பி அப்போதும் கொழும்பில் உள்ளே இருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ அந்தப் படத்தைப் போட்டார்கள். எங்கள் வீட்டில் அடித்த கொப்பிதான். நான் எழும்பிப் போயிருக்கலாம். மகள் மற்றப் பிள்ளைகளோடு முன்னுக்கு இருந்தாள், அதனால் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் உண்மை என்னவென்றால் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. பஸ் காட்சிக்கு மண்டபம் அதிரச் சிரித்தது. சப்பாத்துக்கும் சிரித்தது. பிறகு பொலிஸ் வந்து லீக்ஸ்காரனைப் பிடிக்கிற இடம் வந்தது. மண்டபம் சட்டென்று அடங்கியது. கதிரை அசைகிற சத்தம்கூட இல்லை. எல்லோரும் நான் இருக்கிற பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. பிறகு ஒருவர், பிறகு எல்லோரும்.

நானும் சிரித்தேன். அது அப்படிப்பட்ட காட்சி. எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஆள் அந்த லீக்சைப் பொலிஸ்காரனிடம் மரியாதையாக நீட்டும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். வீட்டில் பிணம் கிடந்தாலும் வரும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரையும் வெறுத்தேன். திங்கட்கிழமை ஊரில் போய் இறங்கி வேலைக்குப் போகிற அந்தப் படத்து மனிதர்களையும், ஒரு கையெழுத்தைத் தர மனமில்லாமல் பொலிதேயாமாவில் தனியே இருந்து அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கிழவியையும் சேர்த்து வெறுத்தேன். அவரைப் பார்க்க மறுநாள் காலமை எட்டு மணிக்குப் போகவேண்டியும் இருந்தது.

தலைவர் கடைசியில் எழும்பி, எங்கட கோல்கீப்பருக்காக ஒரு நிமிசம் எழும்பி நிற்போம் என்றார். செத்தவனுக்கு நிற்கிறமாதிரி நின்றார்கள். நான் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பி வெளியே வந்து கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து ரெலிபோன் எடுத்தான். ஞாயிறு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. முன்பல் இரண்டு இல்லை என்று தானாகச் சொன்னான், எப்படி என்று சொல்லவில்லை. பாதரோடு மன்னாருக்குப் போறன், அங்கை ஒரு பள்ளிக்கூடத்திலை காவல் வேலை இருக்காம் என்றான். மகளோடு கதைத்தான். கணக்கு எப்படி என்று கேட்டான்.

புருசன் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். ரெலிபோனுக்குக் கையை நீட்டினார்.

"இஞ்சை, அத்தான் நிக்கிறார். கதை" என்றேன்.

அந்தப் பக்கம் கொழும்புத் தெருவின் பஸ் சத்தம் கேட்டது.

"வேண்டாம் அக்கா" என்றான். "அவரிட்டைக் குடுக்காதேங்கோ. நான் வைக்கிறன்."

புருசன் கையை நீட்டியபடியே நின்றார்.

"லைன் அறுந்துபோச்சு" என்றேன்.

"ஓம்" என்றார். போய்ப் பழையபடி சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தார். சோறு ஆறிவிட்டதே, சூடாக்கித் தரட்டா என்று நான் கேட்கவில்லை.